ஒட்டுப் போட்ட கோட்டும் இமெல்டாவின் இரக்கமும்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
மாசி மாதம், சாம்பல் புதனுக்கு அடுத்த நாள்

அன்புள்ள மகள் றெபேக்காவுக்கு,

நீ எனக்காகத் தைத்து அனுப்பிய கம்பளிக் கோட்டை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோவில் மண்டபத்துக் கொளுக்கியிலிருந்து கழற்றி, நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்கும் பழைய உடுப்பு மூட்டைக்குள் எங்களோடு பூசைக்கு வருகிற இமெல்டா போட்டுவிட்டாள். அது மட்டுமென்றால் பொறுத்திருப்பேன். என் மகள் என்னைக் கைவிட்டுவிட்டாள், அதனால்தான் நான் ஒட்டுப் போட்ட உடுப்போடு பூசைக்கு வருகிறேன் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் எனக்குத் தெரியாமல் முடிவெடுத்து, எனக்குத் தெரியாமலே இரக்கப்பட்டும் இருக்கிறார்கள். இதுதான் உனக்கும் எனக்கும் செய்யப்பட்ட அநியாயம். இதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்க எனக்கு மனம் வருகிறது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், விரல் மூட்டுகள் மட்டும் குளிருக்குச் சொல்வழி கேட்பதில்லை. அண்ணா அனுஜனும் பிள்ளைகளும் லொங்குய்யில் குறையில்லாமல் இருக்கிறார்கள். நீ எஸ்தோனியாவில், அந்தத் தாலினில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் நாள்தோறும் கேட்கிறேன், நான் கேட்டது நடக்கிறதா என்று நீதான் எழுதவேண்டும். இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லலாமே என்பாய். ரெலிபோனில் நீ பாதியில் சிரிப்பாய், உன் அண்ணன் ஏற்கெனவே சிரித்துவிட்டான். கடிதத்தில் ஒருவரும் எனக்குக் குறுக்கே கதைக்க முடியாது.

கோபத்தில் நன்றி விடுபட்டுப் போகக்கூடாது, ஆகவே அதை முதலில் சொல்கிறேன். போன கோடையில் அனுஜன் அளவு நாடாவோடு வந்து என் தோளையும் கையையும் அளந்தபோது அவனைத் திட்டித்தான் அனுப்பினேன். பிறகு உன்னோடு வேலை செய்கிற கிர்ஸ்தி என்ற எஸ்தோனியப் பிள்ளை வீடியோவில் வந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள், எந்தக் கை முதலில் நோகிறது, பூட்டுவது கஷ்டமா கழற்றுவது கஷ்டமா, பஸ் அட்டையை எந்தப் பக்கத்துப் பைக்குள் வைப்பீர்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்டாள், நீ எனக்குத் தமிழில் சொன்னாய். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் கடையில் தொங்கியதை வாங்கி என் உடம்பை அதற்குள் நுழைத்துத்தான் எனக்குப் பழக்கம். எந்தக் கை நோகிறது என்று கேட்டுவிட்டு எனக்கு ஒருவரும் ஒன்றும் தைத்ததில்லை. கார்த்திகை மாதம் அந்தப் பொதி வந்ததும், கோட்டைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அந்தப் பெரிய மரப் பொத்தான்களை நானே என் கையால் பூட்டினேன். முந்திய ஜக்கெற்றின் சிப்பைப் பூசை முடிய இமெல்டாதான் குனிந்து இழுத்துவிடுவாள், அவள் வர நேரம் சென்றால் நான் திறந்த நெஞ்சோடு காத்து நிற்பேன். இந்தக் குளிர்காலம் நான் ஒருவருக்காகவும் காத்து நிற்கவில்லை. அதற்கு உனக்கும் கிர்ஸ்திக்கும் நான் கடமைப்பட்டவள்.

நீங்கள் இருவரும் புதுத் துணி வாங்குவதில்லை, தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சியதையும் ஆட்கள் கழித்துவிட்ட கம்பளிப் போர்வைகளையும் பிரித்துக் கழுவித்தான் தைக்கிறீர்கள், துணியில் ஓட்டை இருந்தால் மறைக்காமல் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டு, இதில் ஓட்டை இருந்தது என்று வெளியில் தெரியவிடுகிறீர்கள் என்றெல்லாம் நீ சொல்லியிருக்கிறாய். ஒருவர் கேட்டால்தான் ஒன்று தைப்பீர்கள், விற்காமல் கிடந்து குப்பைக்குப் போகும் உடுப்பு உங்களிடம் இல்லை, கிழிந்தால் திருப்பி அனுப்பினால் எத்தனை வருடமானாலும் தைத்துக் கொடுப்பீர்கள் என்பதும் தெரியும். நான் பள்ளிக்கூடம் அதிகம் காணாதவள், பிரெஞ்சை பஸ்ஸில் ஒட்டியிருக்கிற விளம்பரங்களை எழுத்துக்கூட்டி நானே படித்தவள். எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்றும் நூலகத்தில் வரைபடத்தை விரித்து நானே தேடிக் கண்டுபிடித்தேன். அவ்வளவு சின்ன நாட்டில் பெரிய கொம்பனிகளுக்குத் தலையாட்டாமல் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து இப்படித் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, யாருக்கும் தலையாட்டாத ஆட்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் நீ மருந்தகத்து வேலையை விட்டுவிட்டுப் போனது பிழை, அதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். கோட் நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த வழக்கு முடிந்துவிடவில்லை.

இனி நடந்ததைக் கேள். உன் கோட்டின் உடம்பு கரும்பச்சை, கைகள் சாம்பல் நிறம், வலது முழங்கையில் கடுகு நிறத்தில் ஒரு பெரிய ஒட்டு, சுற்றிவர மஞ்சள் நூல். அதைப் போட்டுக்கொண்டு நான் ஞாயிறுதோறும் பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது என் முழங்கை எல்லாருடைய கண்ணுக்கும் நேரே நின்றிருக்கிறது, எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் நல்லதைக் கண்டால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள், கெட்டதைக் கண்டால் வாயே திறக்கமாட்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நத்தாருக்கு முதல் வாரம் என் வீட்டு வாசலில் ஓர் அரிசிப் பை, மாப் பை, கருவாடு எல்லாம் இருந்தன, மேல்மாடிக்காரருடைய சாமான் வழிமாறி வந்துவிட்டது என்று நான் கொண்டுபோய் அவர்களுடைய கதவில் வைத்தேன், அவர்கள் ஹெயிற்றி ஆட்கள், கருவாட்டைக் கண்டு சந்தோஷப்பட்டார்கள். பிறகு கோவிலில் கிறிஸ்து பிறப்பு ஒளிவிழாவுக்கு வீட்டுக்கொரு சாப்பாடு கொண்டுவருகிற வழக்கத்தில் நான் ரோல்ஸ் என்று பெயர் கொடுக்கப் போனேன், அக்கா நீங்கள் இந்தமுறை ஒண்டும் கொண்டுவர வேண்டாம், சும்மா வந்து இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ என்று இமெல்டா சொன்னாள். என் ரோல்ஸ் இல்லாமல் அந்த மண்டபத்தில் ஒரு விழா நடந்ததில்லை. ஏன் என்ர கைக்கு என்ன வந்தது, போனமுறை ஆருக்கும் வயித்தாலை போனதோ என்று கேட்டேன், அதுக்கில்லை அக்கா, அதுக்கில்லை என்று என் கையைத் தடவினாள். தை மாதம் பாதர் வீட்டுக்கே வந்துவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு, அம்மா, பிள்ளைகள் தூரத்தில் இருந்தால் சிலவேளை மறந்துபோவார்கள், நான் வேணுமெண்டால் மகளோட ஒருக்கால் கதைக்கட்டோ என்றார். என்ர மகள் கிழமையில் மூன்றுதரம் எடுக்கிறாள் பாதர், நீங்கள் எடுத்தால் லைன் கிடைக்காது என்றேன். அவர் பாவம், அதையும் நான் அவமானத்தை மறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாராம்.

அதற்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொளுக்கிக்கு வந்தால் கோட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் புத்தம்புதிய கறுப்பு ஜக்கெற் ஒன்று தொங்குகிறது, இறகு வைத்துத் தைத்தது, தலையணை மாதிரி. நாலைந்து பெண்கள் ஒரு பக்கமாக நின்று என்னைப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். இமெல்டா வந்து, அக்கா நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், எங்களுக்கு எல்லாம் விளங்குது, புவாண்ட்-கிளேர்க் கடைக்குப் போய் எல்லாருமாச் சேந்து எடுத்தனாங்கள் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லையே, என்ர கோட் எங்கை என்று கேட்டேன். அந்தப் பழசை மூட்டையில் போட்டாச்சு, அது நேற்றே போக வேண்டிய சாமான், நீங்கள் இனி அதை நினைக்கக்கூடாது என்றாள். அது பழசு இல்லையடி, என்ர மகள் தைச்சது என்று நான் சத்தம் போட, அவள் இன்னும் அழுதாள். மகள் புதுசு வாங்கித் தராமல் பழைய துணியில் தைத்து அனுப்பியிருக்கிறாள் என்று அவளுக்கு அது இன்னும் பெரிய துக்கமாகப் போய்விட்டது. நான் கீழ் அறைக்கு ஓடினேன், மூட்டைகளை வாகனம் அப்போதுதான் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கறுப்பு ஜக்கெற்றின் சிப்பை இழுக்க என் விரலால் முடியவில்லை, திரும்பவும் இமெல்டாவுக்கு முன்னால்தான் நெஞ்சைத் திறந்துகொண்டு நிற்கவேண்டி வந்தது. அன்றைக்கு நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். அனுஜனுக்குச் சொன்னேன், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, விடுங்கோ அம்மா, தங்கச்சி இன்னொண்டு தைப்பாள் என்றான். நான் விடுகிறவளா. உன் பெயரை அந்த மூட்டைக்குள் விட்டுவிட்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

கிழமைக் கணக்காகத் தேடினேன். கடைசியில் அது என்னைத் தேடி வந்தது. ரொக்ஸ்பரோ பஸ் தரிப்பில் நிற்கிறேன், எனக்கு முன்னால் கடுகு நிற ஒட்டுப் போட்ட முழங்கை ஒன்று நிற்கிறது. எட்டிப் பிடித்துவிட்டேன். ஆர்த்திகா என்று ஒரு பிள்ளை, திருகோணமலை, இந்தக் குளிரோடுதான் வந்து இறங்கியவள், புவாண்ட்-கிளேரில் பொதி பிரிக்கிற வேலை. என்னம்மா கையைப் பிடிக்கிறீங்கள் என்று பயந்துபோனாள். பிள்ளை, இது என்ர கோட் என்றேன். அவள் வாய்க்காரி, இதைப் பாக்கிற எல்லாருக்கும் இது தங்கடையா இருந்தால் நல்லம் எண்டுதான் இருக்குது, வேலையில் ஒரு பிரெஞ்சுக்காரி காசு தாறன் குடு எண்டு பின்னாலயே திரியிறாள் என்றாள். உள்ளுக்குள் திறந்து பார், ஜசிந்தா என்று தைத்திருக்கும், அது நான்தான் என்றேன். திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஐயோ அம்மா, ஜசிந்தா எண்டது பெரிய கொம்பனி எண்டெல்லோ நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன் என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் கோட்டை விடவில்லை. அங்கேயே நின்று நான் ஜக்கெற்றைக் கழற்ற, அவள் கோட்டைக் கழற்ற, பஸ் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது, சாரதி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான், நான் பொத்தான் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பூட்டி முடித்துவிட்டு ஏறி அவனுக்குப் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொன்னேன். இறகு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு என் பின்னால் ஏறிய அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. சூடு இருக்கு அம்மா, ஆனால் இது எல்லாரிட்டையும் இருக்கிறதுதானே என்றாள். மகளே, உன் வேலையைப் பற்றி நீ எனக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறாய், இந்த ஒரு சொல் அவ்வளவுக்கும் மேலாக எனக்குள் போனது.

அடுத்த ஞாயிறு கோட்டோடு போய் இமெல்டாவைப் பிடித்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ஒட்டுப் போட்டுக் கிடக்குது, அதுவும் மஞ்சள் நூலால், பிள்ளையள் பாத்தால் இப்பிடி விடுவினமோ எண்டு எனக்கு நித்திரை வரேல்லை அக்கா, அதோட நீங்கள் சிப்புக்கும் என்னைக் கூப்பிடுறேல்லை, என்னோடயும் கோபம் எண்டு நினைச்சன் என்றாள். அவள் என் முழங்கையைப் பார்த்து, தேத்தண்ணி நேரத்தில் எல்லாருடைய காதுக்குள்ளும் அதைச் சொல்லி, நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறாள். இந்த ஊரில் எனக்காக நித்திரை முழிக்க ஓர் ஆள் இருக்கிறது, அதற்கும் நான் கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லியும்விட்டேன். ஆனால் நன்றி வேறு, நியாயம் வேறு. தெரியாமல்தானே செய்தனான், விடுங்கோவன் என்றாள். என்னைப் பற்றிச் சொன்னதை விடலாம், என் மகளைப் பற்றிச் சொன்னதை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே இனி நடக்கவேண்டியது இது. இமெல்டா எந்த மண்டபத்தில் காதுக்குள் சொன்னாளோ அதே மண்டபத்தில், தேத்தண்ணி நேரத்தில், எல்லாருக்கும் கேட்க, இது கைவிட்ட பிள்ளை அனுப்பிய உடுப்பில்லை என்று எழும்பி நின்று சொல்லவேண்டும், அழாமல் சொல்லவேண்டும், அழுதால் திரும்பவும் பிழையாகத்தான் விளங்கும். பாதர் உன்னோடு கதைப்பதானால் குறை சொல்லாமல் சுகம் விசாரிக்கக் கதைக்கட்டும். அனுஜன் சிரித்தது போதும், வருகிற கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இமெல்டா வீட்டுக்கும் ஆர்த்திகா இருக்கிற இடத்துக்கும் போகவேண்டும். கிர்ஸ்தி இருவரிடமும் என்னிடம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். இமெல்டாவின் கோட்டுக்கு ஒட்டு முழங்கையில் வேண்டாம், முதுகில் போடு, அவள் முன்வாங்கில் இருக்கிறவள், பின்னால் இருக்கிற எல்லாரும் பூசை முடியும்வரை அதைப் பார்க்கட்டும். உயிர்ப்புத் திருநாளுக்கு ரோல்ஸ் நான்தான் செய்வேன், அதில் ஒருவரும் குறுக்கே கதைக்கத் தேவையில்லை. நீ அன்றைக்கு இங்கே நிற்கவேண்டும். மருந்தகத்துக் கதையை நான் எடுப்பேன், நீ பொறுமையாகக் கேட்கவேண்டும், பதிலும் சொல்லலாம். நீ தைத்ததை நீயும் போட்டுக்கொண்டு, எல்லாரும் வந்து இருந்த பிறகு, கோவில் முன்கதவால் என் கையைப் பிடித்து நடந்து வரவேண்டும். ஆண்டவர் உன் கண்ணையும் விரல்களையும் காக்கட்டும், கிர்ஸ்தியின் வீட்டையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும். விமானச் சீட்டு எடுக்கவேண்டியது நீ. வாசலில் வந்து நிற்கவேண்டியது நான்.

உன் அன்பு அம்மா,
ஜசிந்தா