முனியன் வாத்தியாரின் திங்கட்கிழமை

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் துர்காவுக்கு,

உன் அப்பாவோடு காலனிப் பள்ளியில் வேலை பார்த்த மணியம்மை டீச்சர் எழுதுவது. புனேயில் நீயும் குழந்தையும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிரக் குறையில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கு மாடிக் கட்டடம், காலனிப் பிள்ளைகளுக்கு ஒழுகும் ஒரே அறை. இதை மாற்றச் சொல்லி அப்பா காலமெல்லாம் மனு எழுதினார். அவர் காலமான மறு வருடம் இரண்டு பள்ளியையும் சேர்த்தார்கள். நம் பிள்ளைகளோடு நம் பழைய பெஞ்சுகளும் ஊர்ப் பள்ளிக்கு வண்டியேறிப் போயின. போட்ட இடம் கடைசி வரிசை.

அப்பாவின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். திங்கட்கிழமை காலையில் பின் பெஞ்சு முன்னால் வர வேண்டும். இடது முனையை அவர் பிடிப்பார், வலது முனையை நான். அவர் உயரம், அதனால் அவர் பக்கம் சற்று மேலேறியே இருக்கும். "முதல்ல ஏறினவனுக்கு ஜன்னல் சீட்டுன்றதுக்கு இது மெட்ராஸ் ரயிலா டீச்சர்? நாளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் போற புள்ளைங்க, முன்னால குந்திப் பழகட்டும்" என்பார்.

இப்போது திங்கட்கிழமை கதவைத் திறந்தால் நம் பெஞ்சுகள் முன் வரிசையில் நிற்கின்றன. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. தரையில் இழுத்த தடம் இல்லை. பின்னுக்குத் தள்ளினாலும் அடுத்த திங்கள் மறுபடி முன்னால்.

ஊர்ப் பெற்றோர் மிரண்டுவிட்டார்கள். அவர்களில் பெரியவரான கண்ணையன் வீட்டுக்கே வந்து, "இன்னாங்க டீச்சர், உங்க வாத்தியாரு செத்தும் ரிட்டயர் ஆவலியே! இப்டியே போய்கினு இருந்தா எங்க புள்ளைங்கள ஆர்.கே.பேட்டைக்கு மாத்திடுவோம்" என்றார். அவர்கள் போய்விட்டால் அது மறுபடியும் காலனிப் பள்ளிதான். அப்பா கேட்டது அதற்கா?

பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது என்று தெரிந்தால் குழந்தை அந்தச் சத்தத்துக்கு அழுவதில்லை அல்லவா? அப்படித்தான், பெஞ்சை மாற்றும் கை எதுவென்று எல்லோரும் பார்த்துவிட்டால் பயம் போகும் என்று நினைத்தேன். இனி நானே வந்து மாற்றுகிறேன் என்றேன். தலைமையாசிரியை கல்பனாவும் ஒத்துக்கொண்டார்.

நேற்றுக் கதவைத் திறந்தபோது பெஞ்சுகள் நகரவே இல்லை. காத்திருந்த மாதிரி பின்னாலேயே கிடந்தன. பிள்ளைகள் பிரேயரில் இருந்தார்கள். கண்ணையன் வாசலில் நின்று பார்த்தார். நான் வலது முனையைத் தூக்கினேன்.

இடது முனையும் எழுந்தது. என் பக்கத்தைவிடச் சற்று உயரமாக.

"தனியா எப்டிங்க தூக்கினீங்க?" என்றார் கண்ணையன். பழக்கம் என்றேன். ஒரு வாரம் பார்த்து முடிவு சொல்வதாகப் போயிருக்கிறார்.

அடுத்த திங்கள் நீ வா, அம்மா. இடது முனையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற கை ஒன்று வேண்டும். உன் கையைப் பார்த்தால்தான் அப்பாவும் பிடியை விடுவார்.

வழிப்பயணம் நலமாக அமைய என் ஆசிகள்.

மணியம்மை டீச்சர்