மெயினை அணைத்த மத்தியானம்

திருவானைக்காவல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு,

அப்பா அழகர்சாமி எழுதுவது. அங்கே பனி ஆரம்பித்துவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே மழை வருவதுபோல் மூடிக்கொண்டு ஒரே புழுக்கம்.

இதைப் போனில் பேசிச் சொல்ல முடியவில்லை; அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். உனக்குத் தெரியக் கூடாது என்கிறாள். பயப்படாதே, இப்போது தூங்குகிறாள்.

புதன்கிழமை மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. கட்டில் பக்கத்து ஸ்விட்ச்போர்டுக்குப் பின்னால் புகை. ஆக்சிஜன் மிஷினும் ஏசியும் அந்த ஒரே வயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மெயினை அணைக்காவிட்டால் தீப்பிடிக்கும். அணைத்தால் அவள் மூச்சுக்கு இருக்கிற மிஷின் நிற்கும். அம்மா என்னையே பார்த்தாள். அணைத்துவிட்டேன்.

அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரின் திருகு என் கைக்கு அசையவில்லை. ஜன்னலில் நின்று கத்தினேன். கீழ்வீட்டு விக்டர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து திறந்தார். அதற்குள் அவள் உதடு நீலம் பூத்துவிட்டது. மூச்சு சீரானதும் முதலில் சொன்னது, "தர்ஷினிகிட்ட சொல்லிடாதீங்க" என்பதுதான்.

எலக்ட்ரீஷியன் பிரவீன்ராஜ் வந்து மிஷினுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். பழைய வயரின் உறை தொட்டாலே உதிர்ந்தது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏசியும் சேர்ந்து ஓடும்போது பத்து ஆம்பியர், ஏசி நின்றால் மிஷினுக்கு மட்டும் இரண்டு. பாதி நேரம் அது, பாதி நேரம் இது. சராசரி ஆறு. சீராக ஆறு ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்தில் அதே மின்னூட்டம்தான் கடந்துபோகும். ஆனால் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது இல்லையா? நூறும் நாலும் சேர்த்துப் பாதி ஐம்பத்திரண்டு. சீராக ஓடியிருந்தால் முப்பத்தாறுதான். ஏறக்குறைய ஒன்றரை மடங்குச் சூடு. வயரின் இணைப்பும் தளர்ந்திருந்ததால் அங்கேயே கருகிவிட்டது. சரிதானா, பார்த்துச் சொல். ஸ்கூலில் இத்தனை வருஷம் இதைத்தான் நடத்தினேன். இருந்தாலும் உன்னிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. இந்த வீட்டில் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

நேற்று டாக்டர் வந்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவர் போனதும் விக்டரின் மனைவியைக் கூப்பிட்டு, உன் அறைக் கட்டிலுக்கு வேறு பெட்ஷீட் விரிக்கச் சொன்னாள்.

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். பொங்கல் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளாதே, கண்ணு. இந்த வாரமே டிக்கெட் கிடைக்கிறதா பார். ஏர்போர்ட்டுக்கு விக்டர் வருவார்; என்னால் அவளை விட்டு நகர முடியாது. உள்ளே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வா. சும்மா லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல்.

நல்லபடியாக வந்து சேர், தாயி.

உன் அப்பா,
அழகர்சாமி