உள்ளே காயாத பலகை

மார்ச் 4, செவ்வாய்

வாகைப் பலகையைத் தம்பி, பட்டறையின் உலர்த்தும் அறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரம் இரண்டாகப் பிரிகிற கவையில் அறுத்த பலகை. ரேகை நாலா பக்கமும் சுழித்து ஓடுகிறது. பார்க்க அழகுதான், காய வைப்பதற்குள் உயிரை வாங்கிவிடும். சூட்டை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் தம்பி ஐயா ஒரேயடியாக ஏற்றிவிட்டார். வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு இரட்டைக் கதவு, அவசரமாம்.

"ஒரு விரிசல்கூட இல்ல, பாருக்கா," என்றான். இல்லைதான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5

மேலே ஈரமானியை வைத்தால் காய்ந்ததாகத்தான் காட்டும். உள்ளே? முனையில் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாம் என்றேன்.

"கதவு உயரத்துக்கு அளவா இருக்கு. வெட்டினா வக்கீலம்மா குனிஞ்சுதான் உள்ள போகணும்."

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

மார்ச் 8, சனி

அதே மரத்துச் சின்னப் பலகை ஒன்று, அதே சூட்டில் வெந்தது, மூலையில் கிடந்தது. அதன் முனையில் ஒரு துண்டு வெட்டி, நடுவைக் கழித்து, கவட்டை மாதிரி இரண்டு கால் விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காலும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டன. வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து இறுகிவிட்டது, உள்ளே ஈரம். பலகை முழுக்க முறுக்கேறி நிற்கிறது. பெரிய பலகையை நடுவில் அறுத்தால், அறுத்த வாய் மூடிக்கொண்டு ஓடுகிற பிளேடைக் கவ்வும். கவ்வினால் பலகை அறுக்கிறவன் மேலேயே பாயும்.

துண்டைக் காட்டினேன். "அது வேற பலகைக்கா. உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்," என்றான். ஆவி விட்டு முறுக்கை எடுக்கலாம், கொஞ்ச நாள் பொறுடா என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போகட்டும். அவன் உடம்பு, அவன் பாடு, எனக்கென்ன — எனக்கென்னவா? இடுப்பில் தூக்கி வளர்த்த பயல்.

மார்ச் 10

பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 12, புதன்

நான் பசை வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து அறுத்திருக்கிறான். தெருமுனையிலேயே கேட்டது, மரம் சுவரில் மோதுகிற சத்தம். பிறகு மெஷின் ஓடவில்லை. எப்படி ஓடி வந்தேன் என்று தெரியாது.

பாதிவரை அறுத்த பலகை, அவன் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. சுவரில் நெஞ்சு உயரத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. தம்பி இடப்பக்கம் ஓரமாக நின்றிருந்தான். முழுசாக. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டான்.

மார்ச் 13

வக்கீலம்மாவிடம் அவனே பேசினான். பலகை போய்விட்டது, வேறு மரம் காய வைக்க வேண்டும், தப்பு என்மேல்தான் என்றான். அந்தம்மா என்ன சொன்னார்களோ, போனை வைத்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனையோ வருஷமாக அவன் அறுப்பதைப் பார்க்கிறேன். பலகைக்கு நேர் பின்னால், வயிற்றை மெஷினில் முட்டிக்கொண்டுதான் நிற்பான். எத்தனை முறை திட்டியிருப்பேன். அன்றைக்கு மட்டும் எப்படி ஓரமாக நின்றான்? இன்று கேட்டுவிட்டேன்.

மரத்தூளைப் பெருக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நீ அவ்வளவு சொன்னதுக்கப்புறம் எப்படிக்கா நேரா நிக்கிறது?"

அப்படியானால் நம்பித்தானே இருந்திருக்கிறாய், பிறகு எதற்கடா அறுத்தாய் என்று வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றான்.