நீ மாத்திச் சொன்ன படம்

இங்கிலீஷ் டீச்சரம்மாவுக்கு,

நீ இலஞ்சிக்குப் போய் நாற்பது நாளாகிறது. குற்றாலத்தில் சாரல், ஊரே அருவியில் கிடக்குது. நானோ, கல்யாணமான புதிதில் நீ அர்த்தம் சொல்லச் சொல்லப் பார்த்த அந்த அறுபதுகளின் கடைசி வருஷத்து அமெரிக்கப் படங்களைத் திரும்பப் பார்க்கிறேன். இப்போது அடியிலே தமிழ் எழுத்து ஓடுது.

ஒன்றில் பொண்டாட்டிக்காரி பெட்டியோடு கிளம்புவாளே, "அம்மையப் பாத்துட்டு வாரேன்னு சொல்லுதா"ன்னு அப்போ அர்த்தம் சொன்னாய். நானும் முறுக்கைக் கடித்தபடி தலையாட்டினேன். "உன்கூட இருந்தா மூச்சு முட்டுது, இனி வரமாட்டேன்" என்றல்லவா அவள் சொல்கிறாள்!

நீயும் பெட்டியோடு, "தங்கச்சியப் பாத்துட்டு வாரேன்"னுதானே போனாய்?

எதிர்வீட்டு ஜெபஸ்டின், "அண்ணாச்சி, மைனி எப்ப வருவாவ?" என்றான். "தங்கச்சிக்கு மேலுக்குச் சரியில்லல்லா, தேறினதும் வந்துருவா" என்றேன். உன்னளவுக்குச் சரளமாக வரவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கும்
உன் வீட்டுக்காரர்