பெட்டியில் கிடந்த அறிக்கை

தம்பிக்கு,

கிழித்துப் போடாமல் இதைக் கடைசி வரை படி.

உன் அண்ணன் கொல்லையில் சுருண்டு விழுந்து செத்த அன்று, விழுப்புரம் பிணவறை வாசலில் எல்லார் முன்னாலும் கத்தினாய். "இவதான் கூழுல எதையோ கலந்து குடுத்துட்டா!" போலீசிலும் அதையே எழுதிக் கொடுத்தாய். விசாரணைக்கு நான் ஸ்டேஷன் படியேறினேன். அதைப் பேச இதை எழுதவில்லை.

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. விஷம் எதுவும் இல்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே வலுவில்லாமல் இருந்து, அன்று கிழிந்துவிட்டதாம். அறிக்கையைக் கொடுத்த டாக்டரம்மா கேட்டார்: "கூடப் பொறந்தவங்க இருக்காங்களாம்மா? அவரு மாதிரியே நெட்டையா, நீள நீள விரலா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அவங்களுக்கும் இருக்கலாம், அவங்க புள்ளைங்களுக்கும் இருக்கலாம். ஜல்தியா நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் பாரம் தூக்கவே கூடாது."

நகல் இதோடு இருக்கிறது. அதிலுள்ள தேதியைப் பார்ப்பாய். ஒன்பது நாளாக அது என் பெட்டியில்தான் கிடந்தது. ஏன் என்று கேட்காதே. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

நேற்று திண்டிவனத்தில் கடலை ஏலம் விடும் கமிட்டி வாசலில் பஸ் நின்றபோது, நீ மல்லாட்டை மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தாய். "மூட்டைய எறக்கிப் போடு தம்பி!" என்று ஜன்னல் வழியே கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து அறிக்கையை வெளியே எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னைப் பார்ப்பதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உன் பாப்பாவையும் கூட்டி வா. நான் விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். என்னோடு பேச வேண்டாம், வந்தால் போதும்.

அண்ணி