மறுநாள் காலையில் அவள் சிரிக்கிறாள்

ஜூன் 2
மதுரைப் பதிப்பாளர் என் பழைய நாவலைப் போடுகிறாராம். தொண்ணூற்றாறில் எழுதியது. அப்போது சீந்துவாரில்லை, கைப்பிரதி சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றி வந்ததோடு சரி. "இந்தக் காலத்துக்கு மாத்திக் குடுங்க சார்" என்கிறார். எஸ்.டி.டி. பூத்தை எடுத்துவிட்டுச் செல்போன் வைத்தாயிற்று. ஹார்பர் சாலையில் நாலுவழிப் பாலமும் கட்டிவிட்டேன், செலவில்லாமல். கதையில் வரும் கடைக்காரன், என்னைப் போலவே மளிகைக் கடை வைத்திருப்பவன், பெண்டாட்டியை அறைவதும், மறுநாள் காலையில் அவள் சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பதும் மட்டும் அப்படியே இருக்கட்டும். நான் எழுதியதிலேயே அழகான இடம்.

ஜூன் 8
எட்டயபுரம். என் மனைவி பேச்சித்தாயின் அக்கா மகள் ரம்யாவுக்கு நிச்சயதார்த்தம். நாவல் வரப்போவதைப் பந்தியில் பீற்றிக்கொண்டேன். அக்கா சந்தனமாரி, என் மதினி, தனியே கூப்பிட்டார்.

"தம்பி, எங்க பேச்சிய அடிச்சத அதுலருந்து எடுத்துப்போடுங்க. மாப்பிள்ளை வீட்டாளுவ படிச்சிரக் கூடாது."

நானா? கை ஓங்கியதுகூட இல்லையே! சொன்னேன்.

"எல்லா ஆம்பிளையும் இப்படித்தான் சொல்லுதாவ."

பந்திக்குத் திரும்பிப் போய்ப் பாயசம் குடித்தேன்.

ஜூன் 9
பேச்சியிடம் கேட்டேன். வெங்காயம் உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"என் தாடை மச்சத்தக் கூட எழுதிட்டிய. பிறவு யாருன்னு நினைப்பாவ?"

"நீ சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லாமலா? நம்புனாத்தான? எங்கம்மா சாவுற மட்டும், போகும்போதெல்லாம் முதுகத் தடவித் தடவிப் பாப்பா."

மாமியார் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததை நான் செருக்கு என்று நினைத்தேன். ஒருநாளாவது கேட்டேனா? சீ... என்ன மனுசன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 10
கோபம் தாங்காமல் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பேச்சி பிடுங்கிக்கொண்டாள்.

"அடி கிடக்கட்டும். ஊருல நடக்காததா? மறுநா அவ சிரிக்காள்லா, அத மாத்துங்க."

ஜூன் 14
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அறை வாங்கியவள் அம்மா வீட்டுக்குப் போகமாட்டாளாம் — திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். ரேஷன் கார்டையும் பையனின் டி.சி.யையும் எடுத்துக்கொண்டு, கடைக்காரன் சரக்கெடுக்கப் போகிற வியாழக்கிழமை பார்த்து, காயல்பட்டினம் பஸ் ஏறுவாளாம். அங்கே ஒரு துபாய்க்காரர் வீட்டில் சமையல் வேலை, பின்கட்டில் தங்க இடம்.

எதற்கும் பேச்சி யோசிக்கவே இல்லை. நான் எழுதி முடிக்கத்தான் நேரமானது.

ஜூன் 15
மதுரைக்கு அனுப்பிவிட்டேன். நானும் வியாழக்கிழமைதான் கடைக்குச் சரக்கெடுக்கப் போவேன். இதையெல்லாம் எப்போது யோசித்து வைத்தாய் என்று பேச்சியிடம் கேட்க எனக்கு முகமில்லை.