உங்கள் காலுக்கு அமைந்த கார்

இன்று காலை எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்காமல் ஷெட்டுக்குப் போனேன். காரின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கி, இடது மட்கார்டில் இருக்கும் உள்ளங்கை அளவுப் பள்ளத்தைத் தடவினேன். விரலில் இன்னமும் லேசாக மெழுகு வாசம்.

அந்த மெழுகை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏதோ பழைய காலண்டரில் பார்த்த இங்கிலாந்துக் கார் உங்களைப் பிடித்துக்கொண்டது. தாழ்வான, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் கார். அசலை வாங்க நம் தீப்பெட்டி ஆபீசை விற்றாலும் காணாது என்று நீங்களே செய்ய இறங்கினீர்கள். இரும்புக் குழாயில் சட்டம், யாரோ ஓரங்கட்டிய வேனின் எஞ்சின், மேலே ஃபைபர் உடம்பு. உடம்பை வார்க்கும் அச்சில் ஃபைபர் ஒட்டாமலிருக்கத் தனி மெழுகு வாங்கச் சொன்னார்கள். தீக்குச்சி முக்குகிற மெழுகு நம்மிடம் டின் டின்னாகக் கிடக்கும்போது எதற்கு என்றீர்கள். சித்திரை வெயிலில் அது உருகி வழிய, ஃபைபர் அச்சைக் கவ்விக்கொண்டது. இருவரும் உளியால் பெயர்த்தெடுத்ததில் விழுந்தது இந்தப் பள்ளம். பட்டி பூசி மறைக்கலாமே என்றேன்.

"கெடக்கட்டும்ட்டி. அசல் கார்ல இது இருக்காதுல்லா?"

எதிர்க்கடை அண்ணாச்சி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது காரா, படகா? கண்மாயே வத்திக் கெடக்கு, எங்கன விடப் போறிய?" அவரைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

ரோட்டில் ஓட்ட அனுமதியில்லாத கார். ஷெட்டுக்குப் பின்னால் நம் காட்டு வண்டிப்பாதைதான் அதற்கு உலகம். மழை பெய்தால் கரிசல் சக்கரத்தை விடாது. காய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உளுந்துக்கும் கம்புக்கும் நடுவே போவோம். என் மடியில் கடம்பூர் போளிப் பொட்டலம் இருக்கும். நானும் ஓட்டுகிறேன் என்று கேட்பேன். உங்கள் நீளக் காலுக்கு அளந்து, தரையோடு சேர்த்து முடுக்கிய சீட்டு. என் கால் கிளச்சுக்கு எட்டாது.

"பொங்க கழியட்டும், தள்ளி வச்சித் தாரேன்."

பொங்கலுக்கு முன்பே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நாளை மதுரையிலிருந்து ஒருவர் வருகிறார். கல்யாண ஜோடிகளை உட்காரவைத்துப் படமெடுக்கக் கார் வேண்டுமாம். எஞ்சினைக் கழற்றிவிடுவாராம், பள்ளத்தையும் அடைத்துவிடுவாராம். உங்கள் தம்பியின் ஏற்பாடு. என் மேலுள்ள அக்கறைதான். "சும்மா கெடந்து வீணாப் போறதுக்கு நாலு பேரு பாக்கட்டுமே, மதினி. நீங்களும் ஓட்டப் போறதில்ல" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

காலையில் உங்கள் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் முதுகு அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது. அது கலைந்துவிடக்கூடாது என்றே இவ்வளவு நாளும் அதில் நான் உட்காரவில்லை. காலை நீட்டினேன். நாலு விரல் தூரம் எட்டவில்லை.

வருகிறவரிடம் இல்லை என்று சொல்லப் போகிறேன். உங்கள் தம்பிக்குக்கூட இன்னும் தெரியாது. அதற்கு முன், இன்று சாயங்காலமே போல்ட்டுகளைக் கழற்றி, தரையில் புதுத் துளை போட்டு, சீட்டை என் கால் எட்டுமளவு முன்னால் தள்ளிவிடுவேன்.

நீங்கள் இடது பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.